சளிக்கு தடவும் தைலமே எமனாகலாம்! கைக்குழந்தை வைத்திருப்போர் உஷார்
மெந்தால், கற்பூரம் விஷயத்தில் வீட்டுக்கு வீடு நடக்கும் தவறு என்ன?

சென்னை:

சளி பிடித்த 8 மாத கைக்குழந்தைக்கு தைலத்துடன் கற்பூரத்தை குழைத்து மூக்கில் தடவியதில், மூச்சுத்திணறல் ஏற்பட்டு குழந்தை பரிதாபமாக இறந்தது. 2025 ஜூலை மாதம் சென்னையில் நடந்த இந்த சம்பவம் பெற்றோர்கள் மத்தியில் பெரும் அதிர்ச்சியை ஏற்படுத்தியது.

அந்த குழந்தையை பெற்றவர்கள் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. ராத்திரி நேரம் குழந்தை மூக்கடைத்து தவித்தால் தமிழ்நாட்டில் பத்து வீட்டில் எட்டு வீடு என்ன செய்யுமோ, அதைத்தான் செய்தார்கள். அதனால்தான் இந்த விஷயம் எல்லா வீட்டையும் தொடுகிறது. பரபரப்பு நாலு நாளில் அடங்கி விட்டது. தைல டப்பா மட்டும் அதே ஜன்னல் திட்டில் அப்படியே இருக்கிறது.

வீட்டுக்கு வீடு தைலம்

தலைவலியா, தைலம். இடுப்பு வலியா, தைலம். பஸ்சில் வாந்தி வருகிறதா, அதற்கும் தைலம். 1893-ல் மும்பையில் தொடங்கி 1914-ல் சென்னைக்கு வந்த அமிர்தாஞ்சன் காலத்தில் இருந்தே இந்த பழக்கம் நம்ம ஊரில் ஊறிப்போனது. சிங்கப்பூர், மலேசியா போய் வருபவர்கள் மறக்காமல் வாங்கி வருவது கோடாலி தைலம். ஊட்டிக்கு டூர் போனால் நீலகிரி தைலம்.

இதில் எதுவும் தப்பில்லை. டப்பாவில் போட்டிருக்கும் அளவில், போட்டிருக்கும் இடத்தில், போட்டிருக்கும் வயதுக்கு மேல் தடவினால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. சிக்கல் வருவது "இன்னும் கொஞ்சம்" என்று கூட்டும்போதுதான். தைலம் போதவில்லை என்று கற்பூரம் சேர்ப்பது, நெஞ்சில் தடவியது போதவில்லை என்று மூக்கில் தடவுவது, வலி போகவில்லை என்று மேலே துணியை இறுக்கி கட்டுவது. விபரீதத்துக்கு வழி போடுவது இவைதான்.

சிரப் பயம், தைலத்தில் நம்பிக்கை

இன்னொரு காரணமும் சேர்ந்து கொண்டது. 2025 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மத்தியபிரதேச மாநிலம் சிந்த்வாரா பகுதியில் இருமல் சிரப் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயல் இழந்து இறந்தனர். அந்த 'கோல்ட்ரிப்' சிரப் தயாரானது நம்ம காஞ்சீபுரம் மாவட்டத்தில். தமிழக மருந்து கட்டுப்பாட்டு துறை சோதித்ததில், அதில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற விஷப்பொருள் இருந்தது தெரிய வந்தது. கம்பெனியின் உரிமம் ரத்து செய்யப்பட்டது.

அந்த அக்டோபர் 3-ந் தேதி மத்திய சுகாதார சேவைகள் இயக்குனரகம் எல்லா மாநிலங்களுக்கும் அறிவுரை அனுப்பியது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதக்கூடாது. 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் பொதுவாக வேண்டாம் என்றது அந்த அறிவுரை.

நல்ல அறிவுரைதான். ஆனால் தாய்மார்கள் காதில் விழுந்தது "சிரப் கொடுக்காதே" என்பது மட்டுமே. அப்படியானால் ராத்திரி இருமும் குழந்தைக்கு என்ன செய்வது? அதை யாரும் வீடு தேடி வந்து சொல்லவில்லை. வயிற்றுக்குள் போகாத மருந்து, வெளியே தடவுவதுதானே, என்ன ஆகிவிடும் என்ற எண்ணத்தில் கை நேராக தைல டப்பாவுக்கு போகிறது.

மூக்கு திறப்பதே இல்லை

தைலம் தடவினால் ஜில்லென்று இருக்கிறது, மூச்சு தாராளமாக போகிற மாதிரி இருக்கிறது. அந்த ஜில்லுக்கு காரணம் மெந்தால். உண்மையில் தோலும் குளிர்வதில்லை, மூக்கடைப்பும் திறப்பதில்லை.

நம் தோலிலும் மூக்குக்குள்ளும் குளிர்ச்சியை உணரும் நரம்பு நுனிகள் இருக்கின்றன. மெந்தால் பட்டதும் அந்த நுனிகள், ஐஸ் பட்டது போல மூளைக்கு தகவல் அனுப்பி விடும். இந்த குளிர் உணர்வியை மெந்தாலை வைத்தே கண்டுபிடித்தவர்கள் டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் ஆகிய விஞ்ஞானிகள். வெப்பம், தொடு உணர்வு பற்றிய ஆராய்ச்சிக்காக இருவருக்கும் 2021-ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மெந்தால் கொடுத்து மூக்கில் காற்று போகும் அளவை கருவி வைத்து பார்த்தார்கள் பிரிட்டனின் கார்டிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். மூச்சு நன்றாக போவதாக ஆட்கள் சொன்னார்கள். கருவியிலோ எந்த மாற்றமும் இல்லை. அடைப்பு இருந்தது இருந்தபடியே இருந்தது.

அப்படியானால் தைலம் வீணா? அப்படியும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2 முதல் 11 வயது வரை உள்ள 138 குழந்தைகளை வைத்து நடந்த ஆய்வு முடிவு 2010-ல் வெளியானது. ஆவி தைலம் தடவிய குழந்தைகள் ராத்திரி கொஞ்சம் நன்றாக தூங்கினார்கள் என்று பெற்றோர் கூறினர். சில குழந்தைகளுக்கு எரிச்சலும் இருந்தது. அதாவது தைலம் தருவது ஆறுதல். நோயை அது விரட்டுவதில்லை. சளியும் இளகி ஓடிவிடாது.

இது புரிந்தால் போதும், "இன்னும் கொஞ்சம்" தடவ கை போகாது. கூட தடவினால் ஜில் கூடும். மூக்கடைப்பு குறையாது.

2 வயதுக்குள் ஏன் கூடாது?

இந்த ஆவி தைலங்கள் 2 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான். டப்பாவிலேயே சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். யாரும் படிப்பதில்லை. காரணங்கள் வருமாறு:-

கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் மிகவும் மெல்லியது. பெரியவர்களுக்கு லேசான வீக்கம் தெரியாமல் போய்விடும். குழந்தைக்கு அதே வீக்கம் பாதி வழியை அடைத்து விடும்.

மூக்குக்கு அருகே மெந்தால், கற்பூரம் போன்றவற்றின் காட்டமான நெடி வந்தால், பச்சிளம் குழந்தைகளுக்கு குரல்வளை இறுகிக்கொள்ளும். சில நொடிகள் மூச்சே நின்று போவதும் உண்டு.

2009 ஜனவரியில் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு தகவல் வெளியானது. மூக்குக்கு கீழே ஆவி தைலம் தடவப்பட்ட 18 மாத பெண் குழந்தைக்கு கடும் மூச்சுத்திணறல் ஏற்பட்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டாள். ஏன் என்று அறிய டாக்டர்கள் பெரட் என்ற சிறு பிராணியின் மூச்சுக்குழாயில் சோதித்தனர். தைலம் பட்டதும் சளி சுரப்பது கூடியது. சளியை வெளியே தள்ளும் நுண்ணிய முடிகளின் வேகம் குறைந்தது. சளிக்கு தடவியது சளியையே கூட்டி விட்டது.

சில குழந்தைகளுக்கு பிறவியிலேயே ஜி6பிடி என்ற ரத்த நொதி குறைவாக இருக்கும். அந்த பச்சிளம் குழந்தைகளுக்கு மெந்தால், கற்பூரம், பாச்சா உருண்டை நெடி எதுவும் ஆகாது. ரத்த அணுக்கள் உடைந்து மஞ்சள் காமாலை முற்றி விடும். எந்த குழந்தைக்கு அந்த குறை இருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரியாது.

சாமிக்கு ஏற்றும் கற்பூரம்

மெந்தாலை விட பல மடங்கு ஆபத்தானது கற்பூரம். ஆவி தைலத்தில் ஏற்கனவே 5 சதவீதம் அளவுக்கு கற்பூரம் இருக்கிறது. அதில் இன்னொரு வில்லையை நசுக்கி போட்டால் அளவு எங்கேயோ போய்விடும்.

கற்பூரம் தோல் வழியாகவே ரத்தத்தில் கலக்கும். மூளையை தாக்கி வலிப்பை வரவழைக்கும். விழுங்கிய 5 முதல் 20 நிமிடத்துக்குள் வலிப்பு வந்த குழந்தைகள் உண்டு. ஒரு கிராம் அளவு விழுங்கிய சின்ன குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். சாமி படத்துக்கு ஏற்றும் ஓரிரு வில்லைகளே அந்த எடைக்கு வந்து விடும்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரத்தை போட்டு காய்ச்சி, சூடு ஆறியதும் குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் தேய்ப்பது நம்ம ஊர் பாட்டிமார்களின் வைத்தியம். இதே மாதிரியான கற்பூர எண்ணெய் ஒரு காலத்தில் அமெரிக்காவிலும் பாட்டிலில் விற்றது. விளக்கெண்ணெய் என்று நினைத்து குழந்தைகளுக்கு புகட்டியதில் பல விபரீதங்கள் நடந்தன. 1982-ல் அந்த நாட்டு அரசு அதை தடை செய்தது. மற்ற தைலங்களிலும் கற்பூரம் 11 சதவீதத்தை தாண்டக்கூடாது என்று கட்டுப்பாடு வந்தது. நம் வீட்டில் காய்ச்சும் எண்ணெயில் எத்தனை சதவீதம் என்று யார் அளப்பது?

இன்னொன்று. இன்று கடையில் விற்கும் பூஜை கற்பூரத்தில் பெரும்பகுதி மரத்தில் இருந்து வருவதில்லை. டர்பன்டைன் எண்ணெயில் இருந்து தொழிற்சாலையில் செய்வது. கொளுத்துவதற்காக செய்த பொருளை குழந்தையின் மேல் பூசுவது எந்த வைத்தியத்திலும் சேராது. கற்பூரவள்ளி இலைக்கும் கற்பூரத்துக்கும் பெயரில்தான் உறவு. இரண்டும் வேறு வேறு.

'புதினாதானே' என்று ஏமாற வேண்டாம்

நாட்டு மருந்து கடையில் கண்ணாடி ஊசி போல இருக்கும் ஒரு பொருள் கிடைக்கும். பெயர் புதினா உப்பு. இதுதான் சுத்தமான மெந்தால். இதோடு ஓம உப்பையும் கற்பூரத்தையும் சேர்த்தால் மூன்றும் உருகி தானாகவே தண்ணீராகி விடும். அந்த தண்ணீரை வயிற்று வலிக்கு இரண்டு சொட்டு, பல் வலிக்கு ஒரு சொட்டு என்று வைத்துக்கொள்வார்கள்.

பெயரை வைத்து சட்னிக்கு அரைக்கும் புதினா என்று நினைக்க வேண்டாம். சட்னி புதினாவில் மெந்தால் கொஞ்சம்தான். மருந்துக்கான மெந்தால் ஜப்பான் புதினா என்ற வேறு செடியில் இருந்து வருகிறது. உத்தரபிரதேசத்தில் பாராபங்கி, சம்பல், ராம்பூர் பக்கம் ஏராளமாக பயிரிடுகிறார்கள். அந்த எண்ணெயை குளிர வைத்தால் மெந்தால் ஊசியாக உறையும்.

கணக்கு பார்த்தால் ஆபத்து புரியும். உலக சுகாதார அமைப்பு, உணவு விவசாய அமைப்பு ஆகியவற்றின் கூட்டு நிபுணர் குழு 1998-ல் நிர்ணயித்தபடி, ஒருவர் தினமும் உட்கொள்ளும் மெந்தால், உடல் எடையில் கிலோவுக்கு 4 மில்லி கிராமுக்கு மேல் போகக்கூடாது. 10 கிலோ எடை உள்ள குழந்தைக்கு 40 மில்லி கிராம். இருமலுக்கு சப்பும் ஒரு மிட்டாயில் 5 முதல் 10 மில்லி கிராம் இருக்கும். ஒரு கிராம் புதினா உப்பு என்பது 1,000 மில்லி கிராம். அதாவது 100 மிட்டாயை ஒரே வாயில் போட்ட மாதிரி!

மெந்தால் ஆளையே கொல்லுமா என்று கேட்பவர்களுக்கு பதில் இதோ. மெந்தால் ஆலை ஒன்றில் வேலை பார்த்தபோது அதன் நெடியில் சிக்கிய ஒரு இளம் தொழிலாளி உயிர் பிழைக்கவில்லை. டெல்லி எய்ம்ஸ் ஆஸ்பத்திரி டாக்டர்கள் 2016-ல் மருத்துவ இதழில் இதை பதிவு செய்துள்ளனர்.

மூட்டை தூக்குவோர், கட்டிட தொழிலாளர்கள் கவனத்துக்கு

உடம்பை வருத்தி வேலை செய்பவர்களுக்கு தைலம்தான் சாயங்கால துணை. இவர்களுக்கும் சில எச்சரிக்கை தேவை.

மூட்டு வலி, தசை பிடிப்புக்கான தைலங்களில் மெந்தாலுடன் மெத்தில் சாலிசிலேட் என்ற பொருளும் இருக்கும். இது ஆஸ்பிரின் மாத்திரையின் உறவுக்காரன். இதன் சுத்த எண்ணெய் ஒரு டீஸ்பூன் அளவு, 20 ஆஸ்பிரின் மாத்திரைக்கு சமம். குழந்தை கையில் கிடைத்தால் கதை முடிந்தது. 2007-ல் நியூயார்க்கில் 17 வயது ஓட்டப்பந்தய வீராங்கனை ஒருவர், வலிக்காக இந்த வகை களிம்புகளை உடம்பு முழுவதும் அளவுக்கு மீறி தடவி வந்ததில் இறந்து போனார்.

2012 செப்டம்பரில் அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் ஒரு எச்சரிக்கை விட்டது. வலி களிம்பு தடவிய இடத்தில் தீக்காயம் போல வெந்து போன 43 பேர் பற்றிய தகவல் அதில் இருந்தது. பெரும்பாலான கடுமையான காயங்கள் மெந்தால் 3 சதவீதத்துக்கு மேல் உள்ளவற்றால் வந்தவை. ஒரே ஒரு முறை தடவி 24 மணி நேரத்துக்குள் வெந்தவர்களும் அதில் உண்டு.

"எரிஞ்சாத்தான் மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று பொறுத்துக்கொள்வது தவறு. எரிச்சல் அதிகமானால் உடனே கழுவி விட வேண்டும். தைலம் தடவிய இடத்தில் சுடுதண்ணீர் ஒத்தடம், ஹீட்டிங் பேட் வேண்டாம். துணியால் இறுக்கி கட்டக்கூடாது. வெட்டுக்காயம், சிராய்ப்பு மீது தடவக்கூடாது. ரத்தம் உறையாமல் இருக்க வார்பாரின் மாத்திரை சாப்பிடும் இதய நோயாளிகள், சாலிசிலேட் கலந்த தைலத்தை டாக்டரை கேட்காமல் தொடக்கூடாது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதே விதிதான்.

சிலர் மூக்கு துளைக்குள்ளேயே தைலத்தை தடவி படுப்பார்கள். தைலத்தில் உள்ள மெழுகு பசை கொஞ்சம் கொஞ்சமாக நுரையீரலுக்குள் இறங்கி, வருடக்கணக்கில் ஒரு வகை நிமோனியாவை உண்டாக்கும். இந்த பழக்கத்தை இன்றே விட வேண்டும்.

ஆவி பிடிப்பதிலும் கவனம்

2021 மே மாதம் கொரோனா 2-வது அலையின்போது ரெயில் நிலையம், தெருமுனை என்று பல இடங்களில் ஆவி பிடிக்க ஏற்பாடு செய்தார்கள். பொது இடத்தில் இப்படி செய்ய வேண்டாம் என்று அன்று சுகாதாரத்துறை அமைச்சராக இருந்த மா.சுப்பிரமணியன் கேட்டுக்கொண்டார். வீட்டில் ஆவி பிடிப்பதில் பெரிய ஆபத்து கொதிக்கும் தண்ணீர்தான். குழந்தையை மடியில் வைத்து போர்வைக்குள் ஆவி பிடித்து, பாத்திரம் கவிழ்ந்தால் வெந்து போவது பிஞ்சு உடம்பு. சின்ன குழந்தைகளுக்கு ஆவி பிடிக்கவே கூடாது. தைல டப்பாவை அடுப்பிலோ, மைக்ரோவேவிலோ வைத்து சூடாக்கவும் கூடாது.

சரி, என்னதான் செய்வது?

* 2 வயதுக்குள்: தைலம், கற்பூரம், நீலகிரி தைலம், புதினா உப்பு எதுவும் வேண்டாம். துணியில் முடிந்து தொட்டிலில் தொங்க விடுவதும் வேண்டாம்.

* மூக்கடைப்புக்கு, மருந்து கடையில் கிடைக்கும் உப்பு நீர் சொட்டு மருந்து போதும். எத்தனை சொட்டு என்று டாக்டரிடமோ நர்சிடமோ கேட்டுக்கொள்ளலாம். தாய்ப்பாலை அடிக்கடி கொடுக்க வேண்டும்.

* 2 வயதுக்கு மேல்: நெஞ்சு, முதுகில் மட்டும் மெல்லிசாக. மூக்கு, வாய், கண் பக்கம் போகக்கூடாது. தடவிய கையை சோப்பு போட்டு கழுவ வேண்டும். வலிப்பு நோய், வீசிங் உள்ள குழந்தை என்றால் டாக்டரை கேட்காமல் தடவ வேண்டாம்.

* குழந்தை மூச்சு விடுவதை ஒரு நிமிடம் எண்ணிப்பாருங்கள். 2 மாதத்துக்குள் 60 அல்லது அதற்கு மேல், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல், 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் சாதாரண சளி இல்லை. விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பூத்தாலோ விடியட்டும் என்று காத்திருக்க கூடாது. உடனே ஆஸ்பத்திரி.

* விழுங்கி விட்டால்: வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. உப்பு தண்ணீர் புகட்டக்கூடாது. டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு 108-ல் கிளம்ப வேண்டும். வலிப்பு வந்தால் ஒருக்களித்து படுக்க வைக்க வேண்டும். கையில் சாவி திணிப்பது, வாயில் ஸ்பூன் வைப்பது எல்லாம் வீண் வேலை.

* கண்ணில் பட்டால் தேய்க்காமல், சுத்தமான தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும்.

பெட்டிக்கடைக்கும் பொறுப்பு உண்டு

தைலம் வாங்க டாக்டர் சீட்டு தேவையில்லை. பாக்கு, பீடியோடு பெட்டிக்கடையில் சரம் சரமாக தொங்குகிறது. அது தப்பில்லை, நள்ளிரவில் மருந்து கடை இல்லாத ஊரில் ஏழைக்கு கைகொடுப்பது அதுதான். ஆனால் அந்த சின்ன டப்பாவில் "2 வயதுக்கு கீழ் கூடாது" என்பதை பெரிய தமிழ் எழுத்தில் போட கம்பெனிகளுக்கு என்ன கஷ்டம்? கற்பூர பாக்கெட்டில் "குழந்தை மேல் தடவாதீர்" என்று ஒரு வரி அச்சடிக்க எவ்வளவு செலவாகி விடும்?

அரசுக்கும் இதில் பெரிய செலவு இல்லை. ஒவ்வொரு புதன்கிழமையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலும் தடுப்பூசிக்காக தாய்மார்கள் கைக்குழந்தையோடு வந்து காத்திருக்கிறார்கள். கூடவே பாட்டியும் வருகிறார். ஊசி போட்ட பிறகு காய்ச்சல் வந்தால் என்ன செய்வது என்று சொல்லும் கிராம சுகாதார செவிலியர், சளி பிடித்தால் எதை தடவக்கூடாது என்பதையும் சேர்த்து சொல்ல இரண்டு நிமிடம் போதும். சொல்ல வேண்டியது அம்மாவுக்கு மட்டும் இல்லை. வீட்டில் தைலம் தேய்ப்பது பெரும்பாலும் பாட்டிதான்.

சந்தேகம் வந்தால் ராத்திரி எந்த நேரமானாலும் 104-க்கு போன் போட்டு கேட்கலாம். டப்பாவை திறப்பதற்கு முன்னால் கேட்டு விடுவது நல்லது.